கனமா இருந்தா நல்ல கம்பெனி

ஹலோ... ஹலோ... ஆமா, நான்தான். இந்த வீட்டுல வேற ஆம்பளைக் குரல் யாருக்கு இருக்கு... சொல்லு மாப்ளே. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, இப்ப மறுபடியும். உன் ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கு ஒரு பல்லுகூடவா வரலை?...

ம்... ம்... ஆமா, படம் வந்துச்சு. பாத்தேன். பாதிப் படத்துல உன் கட்டைவிரல்தான் தெரியுது. நகம் ஒழுங்கா வெட்டியிருக்கே. அதைத் தவிர ஒண்ணும் விளங்கலை...

என்னது? பீரங்கிக் குண்டா? யார் சொன்னா?... நீயே சொல்லிக்கிட்டியா. அதானே பாத்தேன். வெளியில சொல்லித் தொலைக்காதே. என் தங்கச்சி புருஷன்னு எல்லாருக்கும் தெரியும், என் மானம் போயிடும்...

இரு, இரு, இரு. நான் பேசறேன், நீ கேளு. அது பீரங்கிக்கும் இல்ல, துப்பாக்கிக்கும் இல்ல. விமானத்துக்கு. பழைய போர் விமானம், மூக்குல விசிறி சுத்துமே, அதோட இன்ஜினைக் கிளப்பற தோட்டா. ஸ்டார்ட்டர் தோட்டான்னு பேரு... ஐயோ, யாரையும் சுடறதுக்கு இல்லப்பா! உள்ள மருந்து அடைச்சிருக்கும். பின்னாலேர்ந்து ஒரு ஊசி வந்து நச்சுன்னு குத்தும். மருந்து பத்திக்கும், புகை பீறிட்டுப் போய் இன்ஜினை ஒரு தள்ளு தள்ளும், விசிறி சுத்த ஆரம்பிச்சிடும். ஒரு தோட்டாவுக்கு ஒரு தள்ளு. அதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. வெத்துக் கூட்டை உருவித் தூக்கிப் போட்டுடுவாங்க. அந்த வெத்துக் கூட்டைத்தான் நீ ஒரு பெட்டி நிறைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே...

வாங்கலையா? சும்மா கொடுத்தானா? யாரு?... கடைவாய்ப் பல்லு பிடுங்கிக்கிட்டவனா. வலிக்காம பிடுங்கினேன்னு சந்தோஷத்துல கொடுத்தானாக்கும்... மாப்ளே, அவன் வீட்டுல ஷெட்டைக் காலி பண்ணியிருப்பான். குப்பையை எங்க கொட்டலாம்னு சுத்தியிருப்பான். நீ ஈன்னு இளிச்சுக்கிட்டு எதிர்ல நின்னிருப்பே. கொட்டிட்டுப் போயிட்டான்.

என்ன?... இல்ல, உன்கிட்ட இல்ல... ஏ, இந்தா, போன்ல பேசிக்கிட்டிருக்கேன்ல, அப்புறம் துடைக்கலாம், போ... வேற யாரு, என் பொண்டாட்டிதான், நீ அக்கா அக்கான்னு கூப்பிடுவியே. விளக்குலேர்ந்து கருகல் வாசனை வருதாம். இந்த விளக்கை என்னிக்கு ஏத்தினேனோ அன்னிலேர்ந்து இதையே சொல்றா. மூக்கு வேலை செய்யற அளவுக்கு மத்ததெல்லாம் வேலை செஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்...

ஆமா, அதே விளக்குதான், தோட்டா மேல பல்பு வச்சது. நீதான் போன தடவை வந்தப்ப சுத்திச் சுத்திப் படம் எடுத்தியே. நாளைக்கு விமானக் காட்சியகத்துக்குப் போகுது. தலைவரே வந்து வாங்கிக்கிறார். பித்தளைத் தகட்டுல பேரு வெட்டி வச்சிருக்கேன். மேல தோட்டா செஞ்ச கம்பெனி பேரு, கீழ என் பேரு. ரெண்டும் ஒரே அளவு எழுத்து... ஆமா, அதுவும் ஸ்டார்ட்டர் தோட்டாதான். ஆனா உன் பெட்டியில கிடக்கிற குப்பையும் அதுவும் ஒண்ணா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை...

என்ன சத்தம் அது?... கிர் கிர்னு கேக்குதே. என்ன பண்றே?... அழுக்கைச் சுரண்டறியா? எதால?... சொத்தைப் பல்லைக் குத்தற கம்பியாலயா! அடப்பாவி! நிறுத்து! கையை எடு! எடுடான்னா!... எடுத்தாச்சா? கம்பியைத் தூர வை...

சரி. இப்ப நான் சொல்றதைக் காதுல வாங்கு. தோட்டாவோட அடியைத் திருப்பு. நடுவுல சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டம் தெரியுதா?... அதுக்குப் பேரு கேப்பு. அந்த வட்டத்துல குழி விழுந்திருக்கா?... ஊசி குத்தின குழிப்பா. இருக்கா?... எல்லாத்துலயும்? ஒண்ணொண்ணாப் பாரு. அவசரப்படாதே...

ம். இருக்குன்னா செத்த தோட்டா. பயமில்ல. இனிமே அதால ஒரு ஈயைக்கூடக் கிளப்ப முடியாது. குழி இல்லேன்னு வை, என்ன அர்த்தம்?... சொல்லு... பல்லைப் பாக்கறவனுக்கு இதுகூடவா தெரியாது? உயிரோட இருக்குன்னு அர்த்தம்! உள்ள மருந்து அப்படியே இருக்குன்னு அர்த்தம்! கரண்டுல வெடிக்கிற வகை வேற, அதுக்குக் குழி கணக்கு கிடையாது. உன்னுது, என்னுதெல்லாம் ஊசி வகை. ஊசி வகைத் தோட்டாவைக் கையில எடுத்தா முதல்ல குழியைப் பாக்கணும். அப்புறம்தான் பேரு, ஊரு, ஜாதகம் எல்லாம். இதைப் பாக்காம தோட்டாவைத் தொடறவன் மடையன். மடையன்லயும் முதல் நம்பர் மடையன். எழுதி உன் ஆஸ்பத்திரியில மாட்டு...

சரி, சரி, நன்றியெல்லாம் எதுக்கு. வைக்கட்டுமா?...

இன்னும் என்ன? கம்பெனிக் குறியா? அதான் படத்துல விரலை வச்சு மறைச்சிட்டியே. படி, கேக்கறேன். அந்தக் கேப்பைச் சுத்தி வட்டமா எழுத்து இருக்கும். கம்பெனி முத்திரை, வருஷம், எந்தக் கொத்துல செஞ்சதுங்கற நம்பர்... அழிஞ்சிருக்கா?... பளிச்சுன்னு இருக்கா? எப்படி?... பல்லுக்குப் போடற பவுடரைப் போட்டா தேய்ச்சே! நாசமாப் போச்சு. பழைய பொருளைத் தேய்க்கக் கூடாதுன்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் மாப்ளே. முதுகைத் தேய்ச்சா அழுக்குப் போகும், முத்திரையைத் தேய்ச்சா முத்திரையே போயிடும்...

சரி, என்ன முத்திரை? சொல்லு... முக்கோணம். ம். உள்ள?... சாவியா? முக்கோணத்துக்குள்ள சாவி. ஹ... ஹஹ... இல்ல, சிரிக்கலை. சிரிக்கிறேன். நான் அப்பவே நினைச்சேன். முக்கோணச் சாவி. மட்டமான சரக்குப்பா. அவசரத்துக்குச் செஞ்சவன். தகர டப்பா செஞ்சுக்கிட்டிருந்தவனைக் கூப்பிட்டுத் தோட்டா செய்யச் சொன்னா எப்படிச் செய்வான்? அப்படிச் செஞ்சிருக்கான். தேய்ச்சாலும் போகலைன்னா பாத்துக்கோ, நல்லது எதுவும் அவ்வளவு அழுத்தமா நிக்காது...

என்னுதா? என்னுது இறக்கைச் சக்கரம். சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் இறக்கை. அவங்கதான் கம்பெனி. மத்தவனெல்லாம் கம்பெனின்னு போர்டு மாட்டினவன்...

எப்படித் தெரியுமாவா? என்னையே கேக்கறியா? விமானக் கம்பெனி ஸ்டோர்ல நான் பொறுப்பாளரா இருந்தப்ப நீ பால் பல்லு விழுந்து அழுதுக்கிட்டிருந்தே. கையில எடுத்துப் பாத்தாலே போதும் எனக்கு. கனம் மாப்ளே, கனம்! இறக்கைச் சக்கரத்துக்காரன் பித்தளையைத் தாராளமாப் போடுவான். தடிமனா வார்ப்பான். கையில எடுத்தா ஒரு மரியாதை தெரியும். என்னுது அப்படி இருக்கு. கனமா இருந்தா நல்ல கம்பெனி, லேசா இருந்தா முக்கோணச் சாவி. இதை நம்ம பழம்பொருள் சேக்கறவங்க சங்கத்துப் பத்திரிகையில எழுதியே இருக்கேன். யாராவது மறுத்துப் பேசினானா?... யாருமே படிக்கலையா? உன் வாய்க்கு யாராவது மரத்துப்போற ஊசி போட்டா நல்லாருக்கும்...

ம்?... உன்னோடது எவ்வளவு கனம்?... பாரு, நான் சொல்லலை? லேசாத்தான் இருக்கும்...

சரி... சரி... ஆமா... உயரம் ஒண்ணா இருந்தா என்ன? விமானத்துல மாட்டற ஓட்டை ஒண்ணு, எவன் செஞ்சாலும் அதே உயரம்தான்... பச்சைக் கோடா? என்னுதுலயும் பச்சைக் கோடு இருக்கு, ஆமா. அது மருந்தோட வகை. எல்லாக் கம்பெனியும் போடுவான்... கோட்டுக்குக் கீழ வெட்டுத் தழும்பா? ரெண்டு வரி?... இரு, என் கண்ணாடியைப் போட்டுக்கறேன்...

இருக்கு. ரெண்டு வரி இருக்கு. அதனால?... என்ன சொல்றே? என்னுதும் உன்னுதும் ஒரே கம்பெனியா? யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. உனக்கு உன் மூஞ்சியே தெரியலை. சாவி செஞ்சவன் சரக்கை எடுத்துக்கிட்டு வந்து என் தகட்டுல இருக்கிற பேரை மாத்தச் சொல்றான் பாரு...

யாரு? காட்சியகத் தலைவரா? அவர் எப்படி... உன்கிட்டதான் பல்லு காட்டறாரா? அவர்கிட்டயும் உளறிட்டியா?... என்ன சொன்னாரு?... ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்னா? நாளைக்கா? எல்லார் முன்னாலயும்?...

இது நல்லால்ல மாப்ளே. இது சரியில்ல. என் தங்கச்சி உன்னைக் கட்டிக்கப் போறேன்னு நின்னப்பவே நான் எங்க அப்பாகிட்ட சொன்னேன்...

படிச்சுக் காட்டணுமா? அடியில இருக்கிற முத்திரையையா? நான் எதுக்கு உனக்குப் படிச்சுக் காட்டணும்?... பாத்திருக்கேன்ப்பா. பாக்காம இருப்பேனா... எப்பவா? அப்ப. கொடுத்தப்ப... இல்ல, அது... ஓய்வு பெற்ற அன்னிக்கு ஒர்க்ஷாப் பசங்க கொடுத்தாங்க. கட்டையில ஒட்டித்தான் கொடுத்தாங்க. மேல பல்பு வச்சது மட்டும்தான் நான். ஓட்டை கீட்டை எதுவும் போடலை, கழுத்துல வளையம் மாட்டி அதுல நிக்க வச்சிருக்கேன். பழைய பொருளை ஓட்டை போடறவன் கை விளங்காது...

ஒட்டியிருந்தா எப்படிப் பாத்தேனாவா? பெரிய வக்கீலு! வைக்கிறேன் போ...

இல்ல, வைக்கலை. இரு. இன்னிக்கு உன் வாயை அடைச்சிட்டுத்தான் மறுவேலை. இப்பவே பிரிக்கிறேன். நீ லைன்லயே இரு. இறக்கைச் சக்கரம் இருந்துச்சுன்னா நாளைக்கு எல்லார் முன்னாலயும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். சம்மதமா?... பாத்துக்கலாம்னு மழுப்பாதே, சம்மதமான்னு கேட்டேன்... ம்.

ஏ, இந்தா, அந்தத் துண்டை எடு... துடைக்கிற துணி இல்ல, துண்டு! ஆங்... ஸ்க்ரூ டிரைவர் எங்க? மேஜை டிராயர்ல பாரு... அது இல்ல, தட்டையா இருக்குமே...

விளக்கை அணைச்சிட்டேன்... யப்பா, கழுத்து கொதிக்குது... பல்பைக் கழட்டியாச்சு. போனைத் தோள்ல இடுக்கியிருக்கேன், கத்தாதே, காது வலிக்குது. மடியில கவுத்து வச்சிருக்கேன்... ம்ம்... கட்டை வரமாட்டேங்குது. நல்லா ஒட்டியிருக்கான் பாவிப் பய... ஒரு நெம்பு... இன்னொண்ணு... ஆங்! வந்துடுச்சு!

பசை மேல அப்பியிருக்கு. இரு, சுரண்டறேன்... ஸ்க்ரூ டிரைவராலதான். என்ன?... என் கை வேற, உன் கை வேற. நான் பதமாச் சுரண்டுவேன்... எழுத்து வருது... வருஷம் தெரியுது... முத்திரை ஓரம் தெரியுது... வட்டமா ஒண்ணு... இல்ல, வளைவு இல்ல, கோடு... இன்னொரு கோடு...

ம்...

இருக்கேன். லைன்லதான் இருக்கேன்...

வெளிச்சம் சரியில்ல. நீ, இந்தா, அந்த ஜன்னலைத் திற...

முக்கோணம்.

ஆமா. முக்கோணம்னுதான் சொன்னேன். உள்ள சாவி. போதுமா? சந்தோஷமா? ஆடு, பாடு, உன் பல்லு நாற்காலியில ஏறிக் குதி... ஆனா ஒண்ணு மாப்ளே, இது எப்படி... கனம் இருக்கே? அவன் இவ்வளவு பித்தளை போட மாட்டானே. உன்னுது லேசா இருக்குங்கறே. ஒரே கம்பெனி, ஒரே உயரம், ஒரே கோடு. அப்புறம் என்னுது மட்டும் ஏன் இவ்வளவு கனம்? உள்ள என்ன...

என்ன கேட்டே?

குழியா?...

இரு. நடுவுல இன்னும் பசை இருக்கு. விரலால தேய்க்கறேன்...

மாப்ளே.

குழி இல்ல.

இல்ல... வழவழன்னு இருக்கு. கண்ணாடி மாதிரி இருக்கு. பக்கத்துல ஒரு கீறல் இருக்கு, அது... அது இப்ப நான் போட்டது. ஸ்க்ரூ டிரைவர் கீறல். கேப்புக்கு நூல் இடைவெளியில...

ஆமா... ஆமா... மடியிலதான் இருக்கு. ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன்... தோட்டாவோட வாயிலயா? மேல் பக்கம் ஒரு அட்டை மூடி இருக்கு. தூசு விழாம போட்ட மூடின்னு நினைச்சேன்... கருகியிருக்கு மாப்ளே. நடுவுல பழுப்பா கருகியிருக்கு. அதுக்கு மேலதானே பல்பு... தினமும்... அந்த வாசனை அதுதான்...

அவ சொன்னா. சொல்லிக்கிட்டே இருந்தா...

கேக்குது. கேக்குது, சொல்லு... சொல்லுங்க. அசையலை... ஸ்க்ரூ டிரைவரா? மேஜையில வச்சேன்... கை நடுங்குது. நிறுத்த முடியலை, தானா நடுங்குது... மூக்கால மூச்சு விடணுமா... விடறேன்... கண்ணை மூடக் கூடாது. சரி... தோளைத் தொங்கப் போட்டா போன் விழுந்துடும் மாப்ளே... ஸ்பீக்கர்ல போடச் சொல்லவா? ஏ... ஏம்மா... இங்க வா. இல்ல, வராதே! அங்கேயே நில்லு! நீ போ, வெளியில போ... ஒண்ணுமில்ல, நீ முதல்ல வாசலுக்குப் போ... போடின்னா!... நான் வந்தாத்தான் போவேன்னு நிக்கிறா மாப்ளே. என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா...

சரி. சரி. போனைப் பிடிச்சுக்கிட்டு என் காதுல வச்சிருக்கா. பக்கத்துல நிக்கிறா...

துண்டோட தூக்கணும்... எழுந்துக்கக் கூடாது. குனிஞ்சு... தரையிலயே... படுக்க வைக்கணும், ஆமா. மெதுவா... மூக்கால... விடறேன், விடறேன்... வச்சிட்டேன். உருளலை. ரெண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணைச்சிட்டேன்... கையை எடுத்துட்டேன்.

எடுத்துட்டேன்.

எழுந்துக்கறேன்... இவ பிடிச்சிருக்கா... கதவைச் சாத்தணுமா வேணாமா?... சாத்தலை, சாத்தலை. அப்படியே விட்டுட்டு வரோம். படியில இறங்கறோம். இருங்க...

கீழ்வீட்டுக்காரங்களா? ஆமா, இருக்காங்க. வெளிச்சம் தெரியுது... என்னன்னு சொல்றது? கேஸ் லீக்குன்னு சொல்லட்டுமா?... நிஜத்தையா? அந்த ஆள்கிட்ட நான் எப்படி... போன வாரம்தான் அவரைக் கூப்பிட்டு வச்சு விளக்கைக் காட்டிப் பெருமையடிச்சேன்... சரி. சரி, சொல்றேன்...

சார்! சார், கதவைத் திறங்க! எல்லாரும் வெளியில வாங்க... சார், அந்த விளக்கு இருக்கில்ல, என் விளக்கு... அது உயிரோட இருக்கு சார்... ஆமா, வெடிக்கிற சாமான்... எனக்குத் தெரியாது சார்... ஆமா சார், நான்தான் சொன்னேன், எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு சொன்னேன். வாங்க சார், அப்புறம் திட்டுங்க...

ஹலோ... இருக்கீங்களா?... தெருவுக்கு வந்துட்டோம். எதிர்ச் சாரியில, திருப்பத்துக்கு அந்தப் பக்கம். எல்லாரும் வந்தாச்சு. கீழ்வீட்டு அம்மா செருப்புகூடப் போடலை... உங்க அக்காவா? இருக்கா. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. கையில அந்தத் துணி இன்னும் இருக்கு மாப்ளே. துடைக்கிற துணி. தினம் காலையில அதைத்தான் ஈரம் பண்ணி அந்தத் தோட்டாவோட தலையைத் துடைப்பா. பளபளன்னு இல்லேன்னா நான் கத்துவேன். நல்லாத் தேய்க்கக் கூடாதா, கையில வலு இல்லையான்னு கத்துவேன்...

என்ன?... இல்ல, அவ அழலை. ஒண்ணே ஒண்ணு கேட்டா. இவ்வளவு நாள்ல அதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பாக்கலையான்னு கேட்டா... அப்பவே உங்ககிட்டச் சொன்னேனே, முதல் நம்பர் மடையன்னு. மாட்டுங்க. எழுதி மாட்டுங்க உங்க ஆஸ்பத்திரியில...

சிரிக்கிறீங்களா?... சிரிக்கலையா? சிரிங்க மாப்ளே. பரவாயில்ல. நானா இருந்தா சிரிச்சிருப்பேன்... குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?... பக்கத்துல தங்கச்சியா?... அவகிட்ட ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க. எங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க...

போலீஸுக்கா? இன்னும் பண்ணலை... ஆமா, வெடிகுண்டுப் பிரிவு வரணும், புரியுது... பண்றேன். ஆனா இந்த ஒரு போன்தான் இருக்கு, அவ போன் மாடியில மேஜையிலயே இருக்கு. உங்களைக் கட் பண்ணிட்டுத்தான் பண்ணணும்...

பண்றேன்ப்பா. ஒரு நிமிஷம். உடனே வைக்காதீங்க... தெரியும், லேட் பண்ணக் கூடாது, தெரியும். எனக்குப் பயமா இருக்கு மாப்ளே. உங்க குரல் கேட்டா கை நிக்குது. நீங்க பேசறதை நிறுத்தினா மறுபடியும் ஆட ஆரம்பிக்குது... இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நாற்காலியில உக்காந்து அழறவங்ககிட்டச் சொல்வீங்களே, அது மாதிரி சொல்லுங்க...

மூக்கால... ஆமா... ஆமா... கண்ணை மூடாம... ம்...

சரி, பண்றேன். நீங்க வைக்காதீங்க, நானே வைக்கிறேன். நானே வைக்...

ஹலோ?

ஹலோ... மாப்ளே?...

வச்சிட்டாரு.